விட்னஸ் படத்துக்கு தமிழ் சப்டைட்டில் யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். எங்க தெரு பசங்களுக்கு, எல்லாம் ஒன்பதாவது பத்தாவது படிக்கிறவங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில புரொஜக்டர் வச்சு ஏதாவது போட்டுக் காட்டுவேன். போன தடவை எய்மி மல்லின்ஸ்ங்கிற அமெரிக்க ஓட்டக்காரங்களோட 2009 டெட் டாக் (TED மேடைப் பேச்சு வீடியோ). 1 வயசுலயே முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க, அப்படியும் 1996 அட்லாண்டா பாராலிம்பிக்ஸ்ல ஓடினவங்க. அவங்ககிட்ட 12 ஜோடி செயற்கைக் கால் இருக்கு, மாத்தி மாட்டுனா 5 அடி 8 இஞ்சுல இருந்து 6 அடி 1 இஞ்சு வரைக்கும் வளருவாங்க, அதப் பாத்து ஃப்ரெண்டு இதெல்லாம் அநியாயம்னு சொன்னாங்களாம், பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொன்னதுல எனக்குத்தான் தொண்டை கட்டிப்போச்சு.

அதான் இந்த தடவை சப்டைட்டில் கேக்குறேன். 1985ல வந்த விட்னஸ், ஹாரிசன் ஃபோர்ட் போலீஸா வருவாரே. ஃபிலடெல்ஃபியா ரயில்வே ஸ்டேஷன் பாத்ரூம்ல நடக்குற கொலைய ஒரு ஆமிஷ் (பழைய முறையில எளிமையா வாழுற ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பையன் கதவிடுக்குல பாத்துடுவான், அப்புறம் போலீஸ்காரர் அவங்க பண்ணையில போய் ஒளியணும். ஊரே கூடி மரத்துல களஞ்சியம் எழுப்புற சீனுக்கு மட்டும் சப்டைட்டிலே வேணாம், சுத்தியல் சத்தம் போதும்.

தமிழ் ஃபைல் இருந்தா அனுப்புங்க, இங்கிலீஷ் ஃபைல மாத்தத் தெரிஞ்சவங்க இருந்தாலும் சரி. அந்தக் கொலை, நடுவுல வர்ற குளிக்கிற சீன் ரெண்டும் எத்தனாவது நிமிஷம்னு சொன்னா தள்ளிவிட்டுருவேன். அப்புறம் ஆமிஷ்காரங்க கார், கரண்ட் கம்பி எல்லாம் ஏன் வேணாம்ங்கிறாங்கன்னு பசங்களுக்குப் புரியுற மாதிரி யாராச்சும் நாலு வரி எழுதித் தாங்களேன், ப்ளீஸ்.