ஆத்தங்குடிக் கொட்டகையில் கேட்ட கேள்வி

அரசு ஊழியர் போராட்டம் பற்றி ஆளுக்கொரு அனுபவம் சொல்வார்கள். என்னுடையது 2019 பிப்ரவரியில் நடந்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ பழைய ஓய்வூதியத் திட்டம் கேட்டு நடத்திய வேலைநிறுத்தம் ஜனவரி 22-ல் தொடங்கி 30-ஆம் தேதி முடிந்திருந்தது. அத்தனை நாளும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காரைக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

வீட்டு முகப்பில் நாலைந்து பூப்போட்ட தரைக்கல் பெயர்ந்துவிட்டதால், மாற்றுக் கல் சொல்ல, அந்தக் கல்லைக் கையால் செய்கிற ஆத்தங்குடிக்குப் போனேன். கொட்டகையில் வேலை பார்த்தவர் என் வகுப்புப் பிள்ளையின் அப்பா. கண்ணாடி மேல் இரும்பு அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது பூ கலையாமல் நின்றது. அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை அப்பி, மட்டம் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிமெண்ட் அரித்து வெளுத்திருந்தது.

நிமிராமலே கேட்டார்: “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு மாசமானா சம்பளம் வந்துருது. எனக்குக் கல்லு போட்டாத்தான் கூலி. தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்கேன், அறுபதுக்கு மேல மாசம் ஆயிரம் ரூவா தருவாகளாம். எம்புள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சை. இந்த நேரத்துலயா தெருவுல உக்காரணும்?”

என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. 1.4.2003-க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். 2007-ல் சேர்ந்த எனக்கு அப்போது சம்பளத்தில் மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை வரும், அதற்குப் பிறகு மாத ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது என்பதுதான் அன்றைய நிலை. ஓய்வூதியம் சலுகை இல்லை, உழைத்த காலத்திலேயே கொடுத்திருக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கு என்று இப்போதும் நம்புகிறேன்.

எங்கப்பா தாலுகா ஆபீசில் இருந்தவர். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவில் ஒரே வீச்சில் வேலை நீக்கப்பட்ட சுமார் 1,70,000 பேரில் ஒருவர். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பச் சேர்ந்தார். ஆகஸ்ட் 6 அன்று, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குத் தார்மீக உரிமைகூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியைப் படித்துவிட்டு அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குச் சங்கத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது.

ஆனால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. பரீட்சை விஷயத்தில் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. “போன பாடத்த நான் ஈடு கட்டிர்றேண்ணே” என்று மட்டும் சொன்னேன். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிவரை வகுப்பு வைத்தேன். அவரே சைக்கிளில் வந்து மகளைக் கூட்டிப்போவார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, நம் கோரிக்கையோடு கூலித் தொழிலாளர் ஓய்வூதியத்தையும் உயர்த்தச் சொல்வோம் என்றேன். “அது வேற இலாகா, டீச்சர்” என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஊர்ச் சனம் நம்மோடு நிற்கவில்லையே என்று அதே கூட்டத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். கல் போடுகிறவருக்காக நாம் எந்தத் தெருவில் உட்கார்ந்தோம்? அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.