மேட்டூர்ப் புகை சேலம் கணக்கில் வருமா, வராதா?

கஞ்சமலையான்:
நம்ம மன்றத்துல ஐ.டி. பார்க் பத்தின விவாதத் திரியில வளர்ச்சி வேலு தம்பி எழுதினதை ராத்திரி படிச்சேன். தூக்கம் போச்சு. அவர் சொன்னது சுருக்கமா இதுதான்: ஊர் பணக்கார ஊரா ஆக ஆக கார்பன் முதல்ல ஏறும், அப்புறம் தானா இறங்கும்; சேலம் இப்ப இறங்குற பக்கத்துக்கு வந்தாச்சு; "மாநகராட்சிக்குள்ள எங்கயாவது பெரிய புகைபோக்கி இருக்கா, காட்டுங்க."

காட்டறேன். மேட்டூர் அனல் மின் நிலையம். 210 மெகாவாட்ல நாலு யூனிட், 1987ல இருந்து 1990க்குள்ள வந்தது. 2013ல 600 மெகாவாட் ஒண்ணு. ஆக 1440 மெகாவாட். முழு லோடுல ஓடினா ஒரு நாளைக்கு 3.45 கோடி யூனிட் கரண்ட். நிலக்கரில எடுக்கற ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு போகும். 34,000 டன் பக்கம், ஒரே நாள்ல. இதை எந்தப் பையில போட்டு ஒளிச்சு வெச்சீங்க?

வளர்ச்சி வேலு:
அண்ணே, நான் நகரப் பொருளாதாரம்னு தெளிவாக எழுதியிருக்கேன். மேட்டூர் தனி நகராட்சி. சேலத்தில் இருந்து 50 கிலோமீட்டர். அங்க எடுக்கற கரண்ட் எல்லா ஊருக்கும் பொதுவான மின் வலையமைப்புக்கு, அதாவது கிரிட்டுக்குப் போகுது. சென்னைக்காரர் ஏ.சி. போட்டுத் தூங்கினால் அதற்கும் சேலம் பதில் சொல்லணுமா? அப்புறம், முழு லோடுன்னு ஒரு கணக்கு. அந்த அஞ்சு யூனிட்டும் எந்த நாள் ஒண்ணா முழு லோடில் ஓடுச்சு? எதிர்ப்பு தெரிவிக்கறவர் பொருளாதார அறிஞர்கள் குரோஸ்மன், குரூகர் எழுதின 1991 ஆய்வைப் படிச்சுட்டு வாங்க. வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் மாசு குறையும் என்பது அங்கிருந்துதான் வருது. நானா கண்டுபிடிக்கல.

குகை சரவணா:
மாம்பழம்னா கிருஷ்ணகிரி தோட்டம் வரைக்கும் "சேலத்து மாம்பழம்". புகைன்னா மட்டும் மேட்டூர்கூட சேலம் இல்ல. நல்லா இருக்குப்பா உங்க எல்லை.

வளர்ச்சி வேலு:
1965 வரைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாதான் சரவணா. பேர் அப்ப வந்தது.

குகை சரவணா:
மேட்டூர் இன்னைக்கும் சேலம் ஜில்லாதான் வேலு.

கஞ்சமலையான்:
சபாஷ் சரவணா. தம்பி, அந்த ஆய்வை நான் படிச்சிருக்கேன். அவங்க அளந்தது கந்தக டை ஆக்சைடும், புகையும், காத்துல மிதக்கற தூசியும். அதெல்லாம் கண்ணை எரிக்கும், இருமல் வரும், ஜனங்க கத்துவாங்க. அரசாங்கம் வடிகட்டி மாட்டச் சொல்லும், காசு இருக்கற ஊர் மாட்டும், குறையும். சரி. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. அம்மாபேட்டைல எவன் தெருவுக்கு வந்து கத்துவான்? புகைபோக்கில வடிகட்டி மாட்டினா சாம்பல் நிக்கும், இது நிக்காது. தூசிக்கு வரைஞ்ச கோட்டைத் தூக்கிட்டு வந்து இதுக்கு ஒட்டறீங்க. மேட்டூருக்கு இன்னும் பதில் வரல.

கணக்கு வாத்தியார்:
நண்பர்களே, ஒரு சிறு வேண்டுகோள். எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நன்றாக இருக்கும். மொத்த உமிழ்வா, தலைக்கு இவ்வளவு என்பதா, ஈட்டும் ஒரு ரூபாய்க்கு இவ்வளவு என்பதா? பொருளாதாரம் இரண்டு மடங்காகி, ரூபாய்க்கான உமிழ்வு 40 சதவீதம் குறைந்தால், 2 × 0.6 = 1.2. அதாவது விகிதம் இறங்கியும் மொத்தம் 20 சதவீதம் ஏறியிருக்கும். இந்தியா 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருப்பதும் 2005ஐ ஒப்பிட்ட விகிதத்தைத்தான், மொத்தத்தை அல்ல. வேலு சொல்வதும் கஞ்சமலையான் சொல்வதும் வேறு வேறு

கஞ்சமலையான்:
வாத்தியாரே, பாடம் அப்புறம். மேட்டூர் வருமா, வராதா? ஒரே வார்த்தை.

கணக்கு வாத்தியார்:
அது எந்த அளவுகோல் என்பதைப்

வளர்ச்சி வேலு:
பாருங்க, வாத்தியாரே வரும்னு சொல்லல.

ஆத்தூர் அன்பு:
ஜவ்வரிசி ஆலைத் தண்ணிய மூடின தொட்டில விட்டு காஸ் எடுத்து அதே ஆலைல எரிக்கறாங்க எங்க பக்கம். திறந்த குட்டைல விட்டா அது மீத்தேனா மேல போகும். நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு சூடு பிடிக்கறது. தொழிலும் நடக்குது, புகையும் குறையுது. இது உருப்படியான உதாரணம். ஆனா ஆத்தூர்க்காரன் சொன்னா யாருக்குக் காது கேக்கும்? எங்களுக்குத் தனி ஜில்லா குடுத்துடுங்க, உங்க கணக்கு உங்களுக்கு.

குகை சரவணா:
வந்துட்டார்யா தனி ஜில்லா.

வளர்ச்சி வேலு:
பிரிட்டனைப் பாருங்க. 1990ல் இருந்து பொருளாதாரம் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்திருக்கு, உமிழ்வு பாதியாச்சு. 2024 செப்டம்பர் 30 அன்னைக்குக் கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடியாச்சு. வளர்ச்சியும் கார்பனும் பிரியும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்? சேலத்திலும் பாருங்க, உருக்காலையில் நிலக்கரி போட்டு இரும்புத் தாதை உருக்கற ஊது உலையே கிடையாது. 2010ல் வந்தது மின் வில் உலை. பழைய இரும்பைக் கரண்டில் உருக்கறாங்க. அதோட ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைக் காடு முழுசும் நம்ம கார்பனை உறிஞ்சிட்டு நிக்குது.

கஞ்சமலையான்:
கரண்டுல உருக்கறாங்க. அந்தக் கரண்ட் எங்க இருந்து வருது தம்பி? சொல்லுங்க, மே-ல ஆரம்பிக்கும்.

பிரிட்டன் கதையும் கேளுங்க. அதே 2024 செப்டம்பர் 30, அங்க போர்ட் டால்பாட் இரும்பாலைல கடைசி ஊது உலையையும் அணைச்சாங்க. வெள்ளைக்காரன் இரும்பு வாங்கறதை நிறுத்திட்டானா? வேற நாட்டுல ஊதி, கப்பல்ல வருது. அவன் மேட்டூர் கடல் தாண்டி இருக்கு, அவ்வளவுதான். ஊது உலை இல்லன்னு பீத்திக்கறீங்களே, பொட்டனேரி இரும்பாலைல இருக்கறது என்ன, தோசைக்கல்லா?

மாநகராட்சியை ஒட்டி கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல்லும், அதாவது மேக்னசைட்டும், இருக்கு. மேக்னசைட் 84 கிலோவைச் சூளைல சுட்டா 40 கிலோ மேக்னீசியா நிக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா பறக்கும். சூளைய சூரிய ஒளில ஓட்டினாலும் கல்லுக்குள்ள இருக்கற அந்த 44 வந்தே தீரும். இதுக்கு உங்க ஏறி இறங்கற வளைகோடு என்ன பண்ணும்?

வளர்ச்சி வேலு:
பொட்டனேரியும் மேட்டூர் தாலுகா அண்ணே. நீங்க திரும்பத் திரும்ப எல்லைக்கு வெளியே போறீங்க. பிரிட்டனில் இறக்குமதியைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் உமிழ்வு குறைஞ்சுதான் இருக்கு, அளவுதான் கம்மி. அதைச் சொல்ல மாட்டீங்களே.

ஏற்காட்டுக்காரி:
ஒரு நிமிஷம். மேட்டூர் மாநகராட்சி எல்லைக்குள்ள இல்லைன்னா ஏற்காடு மட்டும் எப்போ உள்ள வந்தது? புகை வேண்டாம், மரம் மட்டும் வேணுமா? எங்க காபித் தோட்டத்து சில்வர் ஓக்கை உங்க கணக்குல வரவு வெக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் கார் வரிசை. முதல் கியர்ல உறுமிட்டே ஏறி, ஏரியைச் சுத்தி ஏ.சி. போட்டுட்டு நிக்கறீங்க. அந்தப் புகையும் ஏற்காட்டுக் கணக்குதானா?

குகை சரவணா:
அக்கா அடிச்சாங்க பாரு.

வளர்ச்சி வேலு:
மேடம், அந்தக் காரில் வர்றவங்கதான் உங்க காபிப் பொடியும் பலாப்பழமும் வாங்கறாங்க.

ஏற்காட்டுக்காரி:
பேருந்துல வர்றவங்களும் வாங்கறாங்க சார். அடிவாரத்துல காரை நிறுத்திட்டு மின்சார பஸ்ஸுல வாங்கன்னு நான் எழுதினப்ப, "மலைக்காரங்க ஊரைப் பூட்டப் பாக்கறாங்க"ன்னு சொன்னது நீங்கதான். மறக்கல.

ஆத்தூர் அன்பு:
மின்சார பஸ்ஸுக்கு கரண்ட்?

கஞ்சமலையான்:
மேட்டூர்! நன்றி அன்பு.

ஆத்தூர் அன்பு:
நான் உங்களுக்கு எடுத்துக் குடுக்கல அண்ணே. ஜவ்வரிசியைப் பத்தி நீங்களும் ஒரு வார்த்தை பேசல.

கணக்கு வாத்தியார்:
நுகர்வோர் கணக்கில் வைத்தால் மேட்டூர் மின்சாரத்தில் சேலம் எரிக்கும் பங்கு மட்டும் வரும், முழுதும் வராது. உற்பத்தி நடக்கும் இடத்தை வைத்தால்

கஞ்சமலையான்:
பங்குன்னு வாத்தியார் ஒத்துக்கிட்டார். எல்லாரும் குறிச்சுக்குங்க.

வளர்ச்சி வேலு:
"முழுதும் வராது"ன்னும் சொன்னார். அதையும் குறிச்சுக்குங்க.

கஞ்சமலையான்:
கொலுசுப் பட்டறைல பாலிஷ் மெஷின் ஓடறதும், தறி ஓடறதும், நம்ம ஈரடுக்கு மேம்பாலத்துல ராத்திரி லைட் எரியறதும் கரண்டுதான். வளர்ச்சி வேணாம்னு நான் எங்கயும் சொல்லல. வளர்ந்தா தானா குறையும்னு சொன்னீங்க பாருங்க, அந்த "தானா"தான் எரியுது எனக்கு. யாராவது உலையை மாத்தணும், நிலக்கரியை நிறுத்தணும், அதுக்குக் காசு குடுக்கணும். அதை விட்டுட்டு, எல்லைக்கோட்டை இழுத்துப் புகைபோக்கியை வெளிய தள்ளி, "பாருங்க சுத்தம்"னா? மேட்டூர் வருமா, வராதா?

வளர்ச்சி வேலு:
வராது. பத்தாவது தடவையாகச் சொல்றேன். உங்களுக்கு வளர்ச்சின்னாலே ஆகாது. 2018ல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை திரியிலும் இதே பாட்டுத்தான்.

குகை சரவணா:
அந்தத் திரியைத் தொடாத வேலு. 277 கிலோமீட்டர் ரோடு போட்டா சென்னைக்குச் சீக்கிரம் போலாம், டீசல் மிச்சம், அதனால கார்பன் குறையும்னு ஒரு பெரிய கணக்கு எழுதினயே. ரோட்டுக்கு வெட்டற மரமும் தோண்டற மலையும் அதுல இருந்துச்சா? 2019ல அந்த ரோட்டுக்கு நிலம் எடுக்கறது செல்லாதுன்னு ஹைகோர்ட் தீர்ப்பு வந்த அன்னைக்கு அந்தப் பதிவு காணாமப் போச்சு.

வளர்ச்சி வேலு:
நான் எதையும் அழிக்கல. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னதுன்னும் சேர்த்து எழுது. திட்டத்துக்குப் பச்சைக்கொடி.

ஏற்காட்டுக்காரி:
பச்சைக்கொடி வந்து, ரோடு வந்துச்சா?

குகை சரவணா:
ஸ்கிரீன்ஷாட் எங்கிட்ட இருக்கு. போடவா?

வளர்ச்சி வேலு:
போடு. தேதியோட போடு.

கஞ்சமலையான்:
அதுக்குன்னு தனித் திரி தொடங்குங்கப்பா. இங்க மேட்டூர் மட்டும்.