மறு: ரோமிங்குக்கு என்ன சொல்லலாம்? என் வாக்கு அயல்வலைக்கு

நண்பர்களுக்கு வணக்கம்,

கைபேசி தன் நிறுவனத்தின் வலையமைப்பை விட்டு வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பில் இயங்குவதை, அதாவது ரோமிங்கை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, எல்லா மடல்களையும் இன்று காலைதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அலைவு, உலாவல், சுற்றலை, புறவலை, விருந்திணைப்பு, அப்புறம் "ரோமிங்கே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஒரு மடல். என் வாக்கு அயல்வலைக்கு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது அகராதியில் தூங்கப்போகிற சொல் கிடையாது. கைபேசி அமைப்புகளில் ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. பயணத்தில் இருப்பவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பணம் போகும், இல்லை இணைப்பு போகும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சில மாதங்களுக்கு முன்னால் அம்மா முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போனார். விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கிருந்த வைஃபையைப் பிடித்து என்னை அழைத்தார். கைபேசியைத் தமிழில்தான் வைத்திருக்கிறார். "மொபைல் டேட்டாவுக்குக் கீழே ரோமிங்னு ஒண்ணு இருக்கு, அணைஞ்சு கிடக்கு. அதைத் தொடலாமா கூடாதா?" என்று கேட்டார். "அது வெளியூரில் பயன்படுத்துறதும்மா, தொடாதீங்க" என்றேன். "நான் இப்போ வெளியூர்லதானே இருக்கேன், அப்போ போடத்தானே வேணும்?" என்றார். நியாயமான கேள்வி. என் விளக்கம்தான் தப்பு. நான் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் அதைப் போட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். வைஃபை விட்டுப்போனது, அழைப்பு அறுந்தது, கைபேசி அந்த ஊர்க் கோபுரத்தைப் பிடித்து, வழியெல்லாம் எடுத்த படங்களையும் காணொளிகளையும் ஒவ்வொன்றாக மேலேற்றத் தொடங்கியது. படம் காப்பெடுக்கும் (பேக்கப்) செயலியில் "வைஃபையில் மட்டும்" என்பதை நானாவது முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த மாதம் வந்த கட்டணச் சீட்டைப் பார்த்து அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ரோமிங் என்று தமிழ் எழுத்தில்தான் இருந்தது, அவரால் படிக்கவும் முடிந்தது. ஆனால் அந்தச் சொல் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். இங்கே வந்த பரிந்துரைகளில் பாதி, நடமாட்டத்தை வைத்துப் பிறந்தவை. ஆங்கிலச் சொல்லின் நேர்பொருள் சுற்றித் திரிவது என்பதால் நாமும் அலைவு, உலா, சுற்று என்று தேடுகிறோம். ஆனால் ரோமிங் நடப்பது கால் நகர்வதால் இல்லை. நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ரயிலில் போகிறவர், தன் நிறுவனத்தின் கோபுரங்களையே பிடித்துக்கொண்டு போனால் வழி முழுக்க ரோமிங்கே கிடையாது. எல்லையோரத்தில் இருக்கும் ஒருவர் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார், பக்கத்து நாட்டுக் கோபுரத்தின் அலை வலுவாக வருகிறது, கைபேசி அதைப் பிடித்துக்கொள்கிறது. அவர் அசையவே இல்லை, ஆனால் ரோமிங்கில் இருக்கிறார். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அலைவு என்றோ சுற்றலை என்றோ பெயர் வைத்தால் இவருக்கு அந்தச் சொல்லே பொய்.

அப்படியானால் உண்மையில் என்ன நடக்கிறது? கைபேசி ஒரு புது வலையமைப்பைத் தொட்டதும் சிம்மில் இருக்கும் அடையாள எண் அங்கே போகிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும், அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தைச் சொல்லும். "இவர் நம்மவர் இல்லை, இன்னாருடைய வாடிக்கையாளர்" என்று தெரிந்ததும், அந்த வலையமைப்பு உங்கள் நிறுவனத்திடம் கேட்கிறது: இவரை உள்ளே விடலாமா? ரகசியச் சாவி உங்கள் சிம்மிலும் உங்கள் நிறுவனத்திடமும் மட்டும்தான் இருக்கிறது, நடுவில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் நிறுவனம் ஒரு கேள்வியையும் அதற்கு வரவேண்டிய விடையையும் அனுப்பும், சிம் அந்த விடையைச் சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். ஆக இது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஏற்பாடு. ஜி.எஸ்.எம் என்ற இரண்டாம் தலைமுறைக் கைபேசித் தரத்தில் முதல் வணிக அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நடந்தது. அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஒப்பந்தம் இல்லாத நாட்டில் நீங்கள் எவ்வளவு அலைந்தாலும் ரோமிங் வராது.

பொறியாளர்கள் உள்ளே வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள், அங்கே திரிவது என்ற எண்ணமே கிடையாது. ஜி.எஸ்.எம்மில் வீட்டுப் பதிவேடு ஒன்று, வந்துபோகிறவர் பதிவேடு ஒன்று. கணினி வேறு வலைக்குப் போனாலும் அதன் பழைய இணைய முகவரியிலேயே தொடர்புகொள்ள வழிசெய்யும், 1996-ல் வெளிவந்த மொபைல் ஐ.பி நெறிமுறையிலும் வீட்டு முகவர், அயல் முகவர் என்றுதான் பிரித்தார்கள். வெளியே போன கணினிக்கு அந்த இடத்தில் கிடைக்கும் முகவரிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொருவர் வீட்டில் தங்கியிருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது உறையின் மேல் மே/பா என்று போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதுவோமே, அதேதான். மேற்பார்வை முகவரி. தங்கியிருப்பது அடுத்தவர் வீட்டில், கடிதம் நமக்கு.

அதனால்தான் அயல் என்கிறேன். அயலார், அயல்வீடு, அயல்நாடு என்று சொல்லும்போதே அங்கே இன்னொருவர் இருக்கிறார், அது அவருடைய இடம் என்பது வந்துவிடுகிறது. புறவலை பரிந்துரைத்த ஐயாவுக்கு: உங்கள் சொல் என் சொல்லுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது, அது நிலைத்தாலும் மனதார ஏற்றுக்கொள்வேன். ஆனால் புறம் என்பது வெளியே என்பதோடு நின்றுவிடுகிறது, யாருடையது என்று சொல்வதில்லை. கட்டணம் யாருக்கோ போகிறது என்ற எச்சரிக்கை அயலில் இருக்கிறது, புறத்தில் இல்லை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். அலைவு கேட்க அழகாக இருக்கிறது, அலைதலும் அலையும் ஒரே சொல்லில் வந்து விழுகின்றன, எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளி இயற்பியலில் ஊசலின் அலைவு, அலைவுநேரம் என்று எப்போதோ குடியேறிவிட்ட சொல் அது, அதே மாணவர் கைபேசியில் "அலைவு" பார்த்தால் என்ன நினைப்பார்? உலாவல் இன்னும் சிக்கல். பிரவுசருக்கு உலாவி என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது, அதனால் உலாவல் கட்டணம் என்றால் இணையப் பக்கம் பார்ப்பதற்கான கட்டணம் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். விருந்திணைப்பை எழுதிய அம்மையாரின் மடலை இரண்டு முறை படித்தேன். விருந்து என்றாலே பழைய தமிழில் புதிதாக வந்தவர் என்பதால் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. தடை ஒன்றுதான், விருந்தாளியிடம் யாரும் காசு வாங்குவதில்லை. அந்தச் சொல்லைப் பார்க்கிறவர் இலவசம் என்று நம்பிப் போட்டுவிடுவார். அதோடு திசைவிகளில் (ரவுட்டர்) வீட்டுக்கு வருகிறவர்களுக்காகத் தனியாகத் திறந்துவிடும் வைஃபைக்கு விருந்தினர் வலை என்ற பெயர் அப்படியே பொருந்தும், அதற்கு இதை எடுத்து வைத்துக்கொள்வோம்.

"அயல் என்றால் வெளிநாடு மட்டும் என்று ஆகிவிடாதா, உள்நாட்டுக்குள்ளேயும் ரோமிங் உண்டே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அயல்நாடு ஒரு சொல் என்றால் அயல்வீடு இன்னொரு சொல். ஒட்டிய சுவர்தான், இருந்தாலும் அயல். ஒரே நாட்டுக்குள் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொன்றின் கோபுரத்தைப் பிடிப்பதற்கும் இது சரியாகவே வருகிறது.

இன்னொரு கேள்வி கூர்மையானது. ரோமிங்கில் பெரும்பாலும் தரவு முழுக்க சொந்த நிறுவனத்தின் வாயில்வரை திரும்பி வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது, அப்படியிருக்க அயல்வலை என்பது சரியா என்பது கேள்வி. உண்மைதான். வேறு நாட்டில் நின்றுகொண்டு தேடினாலும் தேடுபொறி நம் நாட்டுப் பக்கங்களையே காட்டுவதும், பக்கங்கள் கொஞ்சம் தாமதமாகத் திறப்பதும் பல நேரம் இதனால்தான். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் அலையும் கோபுரமும் அடுத்தவருடையவை, கூடுதல் கட்டணம் விழுவதும் அந்தப் பகுதிக்குத்தான். மே/பா போட்ட கடிதம் எந்த அஞ்சல் நிலையம் வழியாகச் சுற்றி வந்தாலும் நாம் தங்கியிருப்பது அடுத்தவர் வீடுதானே.

பயணத்துக்கென்று விற்கும் இ-சிம்களையும் (தனி அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்) இங்கே யோசிக்க வேண்டும், ஏனென்றால் மக்கள் இப்போது அதிகம் தடுமாறுவது அங்கேதான். போகிற நாட்டுக்கென்றே வாங்கிய இ-சிம், ஆனால் இணையம் வரவில்லை, உதவிப் பக்கத்தில் டேட்டா ரோமிங்கைப் போடு என்கிறார்கள். "இந்த நாட்டுக்குத்தானே வாங்கினேன், எதற்கு ரோமிங்?" என்று குழம்புகிறார்கள். பல இ-சிம்களின் தாய் நிறுவனம் மூன்றாவது ஒரு நாட்டில் இருக்கும், அதனால் போன இடத்துக் கோபுரம் அந்தச் சிம்முக்கு அயல்தான். அயல்வலை என்று எழுதியிருந்தால் இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

எதிர்ச்சொல்லும் வேண்டும். இல்வலை என்று ஒரு பரிந்துரை இருந்தது, இல் என்றால் வீடு என்பது சரி, ஆனால் திரையில் "இல்வலை" என்று வந்தால் வலை இல்லை என்றுதான் கண் படிக்கும். தன்வலை போதும் என்று நினைக்கிறேன். தன்வலை, அயல்வலை, இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. ஆவணங்களில் முழுதாக அயல் வலையமைப்பு என்று எழுதலாம், பொத்தானுக்கு ஐந்தெழுத்து போதும். வலையமைப்பைப் பிணையம் என்றும் சொல்வதால் அயற்பிணையம் என்பதும் இலக்கணத்துக்குச் சரி, ஆனால் வாயில் கனக்கிறது.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுபடாமல் ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்திடம் கொடுப்பது வேறு வேலை. ஜி.எஸ்.எம்மில் ஒரு கோபுரத்தின் எட்டும் தூரம் வழக்கமாக 35 கிலோமீட்டருக்கு மேல் போகாது, நகரத்துக்குள் அதைவிட மிகக் குறைவு, அதனால் ஒரு மணிநேரப் பேச்சில் எத்தனையோ முறை இது நடந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. இதற்குக் கைமாற்றம் அழகாகப் பொருந்துகிறது. பெரிய கட்டடத்தில் ஒரே பெயருள்ள வைஃபைக்குள் அறை மாறும்போது நடப்பதையும் ஆங்கிலத்தில் ரோமிங் என்றே சொல்கிறார்கள். அங்கே முடிவெடுப்பது நம் கைபேசி, யாரும் நம்மைக் கைமாற்றுவதில்லை, அயலாரும் இல்லை. தாவல் என்று எழுதியிருந்தார்கள், ஆனால் உலாவியில் புதிய தாவல் (டேப்) என்று வேறொன்றுக்கு அது போய்விட்டது. வைஃபை தரும் கருவிக்கு அணுகுபுள்ளி என்பதால், இப்போதைக்கு அணுகுபுள்ளி மாற்றம் என்று நேராகவே எழுதலாம்.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை ஏற்கெனவே புழங்குகிறது, விட்டுவிடுவோம். யூ.எஸ்.பி கம்பி வழியே கணினிக்கு இணையம் கொடுத்தால் அலையே இல்லை என்பதால் அங்கே மட்டும் இணையப் பகிர்வு.

நேற்று இரவு அம்மாவிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் சொற்களை மட்டும் சொல்லிப் பார்த்தேன். சுற்றலை என்றதும் "சுத்தி இருக்கிற அலையா?" என்றார். உலாவல், "நெட் பார்க்கிறதுதானே." அயல்வலைத் தரவு என்றதும் கொஞ்சம் யோசித்து, "அடுத்தவங்க கம்பெனியோடதா? காசு கேட்பாங்களா?" என்றார். ஒருவரைக் கேட்டதை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை, நீங்களும் வீட்டில் ஆளுக்கு இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நான் மொழிபெயர்க்கும் செயலியில் இப்போதைக்கு இப்படிப் போட்டு வைத்திருக்கிறேன்: "அயல்வலைத் தரவு", "நீங்கள் அயல்வலையில் இருக்கிறீர்கள், கூடுதல் கட்டணம் வரலாம்", "அயல்வலையில் இருக்கும்போது படங்களைக் காப்பெடுக்க வேண்டாம்", "அயல்வலைக் கட்டணம்". நான்கும் நாக்கில் தடுக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். திரையின் மேலே அலைக் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து வருமே, ஆர், அதற்குப் பதில் அயல்வலைக்கு "அ" போடலாமா என்று பார்த்தேன். ஆனால் தமிழ் விசைப்பலகை ஓடுகிறது என்று காட்டவும் பல இடங்களில் அதே "அ"தான் வருகிறது. இரண்டும் ஒரே வரிசையில் நின்றால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? எழுத்தே இல்லாமல் வேறு குறி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.