வெயிலா மழையா, மேற்கே என்ன நிலவரம்?

கூடலூர்க்காரன் (தேனி): காலையில் மண்டை பிளக்கும் வெயில், மூன்று மணிக்கு இடியோடு மழை. பழுக்கும் நேரத்தில் தண்ணீர் பட்டுப் பன்னீர் திராட்சை வெடிக்கிறது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். மலைக்கு அந்தப் பக்கமும் இப்படித்தானா?

குமுளி ஏலத்தோட்டம் (கேரளம்): அதே கதைதான் அண்ணே. 2024 கோடையில் ஏலச்செடி கருகியது. 2025-ல் ஜூன் 1 வாக்கில் வரவேண்டிய பருவமழை மே 24-லேயே கேரளத்தில் இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. எதை நம்பி உரம் வைப்பது?

லோயர்கேம்ப் (தேனி): மதிய இடிமழை பருவமழை இல்லை. தரை சூடேறி, ஈரக்காற்று மேலே போய் மேகம் திரள்வதுதான். பழுத்த குலையை உடனே வெட்டுங்கள். வெடித்ததைக் கொடியில் விட்டால் அழுகல் பரவும்.

கூடலூர்க்காரன்: சரி, நாளைக்கே ஆள் சொல்கிறேன். கிடைத்தால்.