பழைய பிக்கப்: ரிலே 'டக்' என்கிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை

மண்பாதை:
வணக்கம். என்னுடையது ஏர்பேக் எல்லாம் வராத காலத்துப் பிக்கப். கிரில்லுக்குப் பின்னால் இரண்டு ஹாரன், ஒன்று கனத்த குரல், மற்றது கீச்சுக்குரல். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது பட்டனை அழுத்தினால் ஏதோ முனகல் வருகிறது, சில நேரம் அதுவும் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அழுத்தும்போதெல்லாம் ரிலே, அதாவது பட்டனை அழுத்தினால் ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச், 'டக்' என்கிறது. ஹாரன் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். ஹாரன்களைக் கழற்றி பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் காது கிழிகிறது. வோல்ட்டும் இருக்கிறது, ஹாரனும் நன்றாக இருக்கிறது, மாட்டினால் மட்டும் அடிக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது? சுமையோடு வளைவில் திரும்பும்போது எதிரே வருகிறவருக்குத் தெரிவிக்க ஹாரன் வேண்டும், அதனால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க மனமில்லை.

தாமிரக்கம்பி:
ரிலே 'டக்' என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதித் தேடலைக் குறைத்துவிட்டது. ஸ்டீயரிங் பட்டன், அதன் அடியில் இருக்கும் தொடுபுள்ளி, அங்கிருந்து ரிலேயின் காயிலுக்கு (உள்ளே தொடுமுனையை இழுக்கும் காந்தச் சுருள்) போகும் மெல்லிய வயர் எல்லாம் வேலை செய்கின்றன, அந்தப் பக்கம் எதையும் பிரிக்க வேண்டாம். கோளாறு தடித்த வயர் ஓடும் பக்கத்தில் இருக்கிறது: பேட்டரியிலிருந்து ரிலேக்கு வரும் வழி, ரிலேக்குள் இருக்கும் தொடுமுனை, அங்கிருந்து ஹாரன் வரை போகும் வயர், கடைசியாக ஹாரனின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி.

அந்த 12.4 வோல்ட்டை மட்டும் நம்பாதீர்கள். ஹாரனைக் கழற்றிவிட்டு அளக்கும்போது வயரில் கரண்ட் ஓடுவதே இல்லை. வயரின் இழைகளெல்லாம் அரித்துப்போய் ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். ஆனால் ஒரு ஹாரன் சாதாரணமாக 3 முதல் 5 ஆம்பியர் இழுக்கும், உங்களுடையதில் இரண்டு இருக்கின்றன. அந்தக் கரண்ட் ஓடத் தொடங்கியதும் துருப்பிடித்த இடத்திலேயே வோல்ட் விழுந்துவிடும்; வழியில் 1 ஓம் தடை இருந்து அதில் 5 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் அங்கேயே காலி. மீதி வோல்ட்டில் ஹாரன் முனகத்தான் செய்யும்.

அதனால் ஹாரனை மாட்டியபடியே, யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லிக்கொண்டு அளந்து பாருங்கள். முதலில் எர்த். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஹாரனின் உலோக உடம்பிலும் வையுங்கள், இரண்டு டெர்மினல் உள்ள ஹாரன் என்றால் அதன் எர்த் டெர்மினலில். அழுத்தும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, அரை வோல்ட்டைத் தாண்டினால் அங்கேதான் பிரச்சினை. ஒரே வயர் வரும் ஹாரனுக்கு அதைத் தாங்கும் பட்டையும் போல்ட்டும்தான் எர்த் என்பதால், அதன் அடியில் துருவோ பெயிண்டோ இருந்தால் பளபளவென்று சுரண்டிவிட வேண்டும். அடுத்து பாசிட்டிவ்: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மற்றது ஹாரனுக்கு வரும் டெர்மினலில். அழுத்தும்போது காட்டும் எண்தான் வழியில் தொலையும் வோல்ட்.

முன்விளக்கு:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஹாரனுக்குப் பின்னால் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும், சத்தம் குறைந்தால் அதைத் திருகு என்று யாராவது சொல்வார்கள். முழு வோல்ட் வந்து சேரும் வரை அதைத் தொடாதீர்கள். அது உள்ளே இருக்கும் தொடுமுனையின் இடைவெளியை மாற்றுகிற ஸ்க்ரூ. கண்டபடி திருகினால் நல்ல ஹாரனும் ஊமையாகும், ஒட்டிக்கொண்டு கரண்ட் அதிகமாகி ஃபியூஸும் போகலாம்.

மண்பாதை:
அளந்துவிட்டேன். எர்த் 0.1 வோல்ட். பாசிட்டிவ் பக்கம், அழுத்தும்போது 5.3 வோல்ட்!

தாமிரக்கம்பி:
அப்படியானால் எர்த்தை விட்டுவிடுங்கள். ரிலேயின் மேல் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 ஹாரனுக்குப் போவது. ரிலேயைக் கொஞ்சம் மேலே தூக்கி, தெரிகிற பின்னில் மெல்லிய முனையை வைத்து, பேட்டரி பாசிட்டிவுக்கும் 30க்கும் நடுவே எவ்வளவு, 87க்கும் நடுவே எவ்வளவு என்று அழுத்திப் பாருங்கள். பக்கத்துப் பின்னில் பட்டுவிடாமல் கவனம். 30 வரைக்கும் குறைவாக இருந்து 87இல் எண் ஏறினால் ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கிறது. 87லும் குறைவாகவே இருந்தால் அங்கிருந்து ஹாரன் வரை போகும் வயர்தான். எது வரை எண் குறைவாக இருக்கிறதோ அது வரை வழி சுத்தம், எண் தாவுகிற இடத்தில் பழுது.

ஓரச்சக்கரம்:
என் வண்டியில் வேறு மாதிரி. ஸ்டீயரிங் நேராக இருந்தால் ஹாரன் அடிக்காது, கொஞ்சம் திருப்பினால் அடிக்கும். ரிலே சத்தமும் அப்போதுதான் வருகிறது. ஏர்பேக் உள்ள வண்டி, அதன் விளக்கும் சில நாட்களாக எரிகிறது.

தாமிரக்கம்பி:
உங்களுடையது ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா, அதாவது க்ளாக் ஸ்பிரிங். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் வயர் அதன் வழியாகத்தான் போகிறது, அதனால்தான் இரண்டும் சேர்ந்து தொல்லை தருகின்றன. ஹாரனைக்கூட இரண்டாவதாகப் பாருங்கள், அந்த விளக்கு எரிந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். மஞ்சள் நிற கனெக்டரில் டெஸ்ட் லேம்போ மீட்டரோ வைக்கவே கூடாது. பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், இதில் தயக்கம் வேண்டாம்.

மண்பாதை:
கிடைத்துவிட்டது. 30இல் 0.1, 87இல் 0.2, ஹாரனில் 5.3. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஒரு வயர் இரண்டு ஹாரனுக்கும் பிரிகிற இடத்தில், முறுக்கி டேப் சுற்றிய பழைய இணைப்பு ஒன்று. டேப்பைப் பிரித்தால் உள்ளே முழுக்கப் பச்சைப் பொடி, செம்பே தெரியவில்லை. பளிச்சென்று செம்பு தெரியும் வரை வெட்டி, சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிட்டேன். இப்போது பாசிட்டிவ் பக்கம் 0.3 வோல்ட்தான் விழுகிறது, இரண்டு ஹாரனும் முழுக் குரலில் அடிக்கின்றன. அண்ணே, ரொம்ப நன்றி.

முன்விளக்கு:
நல்லது. அந்த இணைப்பு தொங்குகிற மாதிரி விடாமல், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வயரைக் கட்டிவிடுங்கள். அப்புறம் ஹெட்லைட் வயரிலும் அதே கையால் போட்ட டேப் இணைப்பு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.