லேப்டாப் அப்டேட் 35 சதவீதம் வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறது, 0922 பிழை

கருங்கல்காரி எழுதியது:

அண்ணன்மாரே, அக்காமாரே, மூணு வாரமாகத் தலைவேதனை. விண்டோஸ் 11 ஹோம், 24எச்2. மாதாந்தர அப்டேட் முழுசாக இறங்குகிறது, ரீஸ்டார்ட் கேட்கிறது, திரையில் 35 சதவீதம் வரை போகிறது, அப்புறம் மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி அரைமணி நேரம் சுத்திவிட்டுப் பழையபடி வந்து நிற்கிறது. ஹிஸ்டரியில் பார்த்தால் 0எக்ஸ்800எஃப்0922. சி டிரைவில் 140 ஜிபி காலியாகத்தான் கிடக்கிறது. டிரபிள்ஷூட்டர் ஓட்டினேன், எல்லாம் சரி என்கிறது!

வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒவ்வொரு தடவை முயற்சி பண்ணும்போதும் அன்றைய டேட்டா காலி. சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆன்லைன் டியூஷன் எடுப்பதும் இதே டேட்டாவில்தான். லேப்டாப் அண்ணன் துபாயில் இருந்து கொண்டுவந்து தந்தது, போன வருஷம் நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்து பழைய டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாற்றினேன். அதற்குப் பிறகு வேகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

வடசேரி சந்தை:

ஃபார்மட் அடிச்சிரு மக்கா. அரைநாள் வேலை, நிம்மதி.

குழித்துறைப் பாலம்:

சந்தைக்காரர் எதைக் கேட்டாலும் ஃபார்மட்தான் சொல்வார், பல்வலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

0922 என்றால் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒன்று, விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் இணைப்பு) போட்டிருப்பதால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பேச முடியாமல் போவது. நான் டெக்னோபார்க் வேலைக்காக விபிஎன் போட்டபடியே அப்டேட் கொடுத்து ஒரு வாரம் இதே எண்ணைப் பார்த்தேன், அதை நிறுத்திவிட்டுக் கொடுத்ததும் ஏறிவிட்டது. உங்களிடம் விபிஎன் ஏதும் உண்டா? ரெண்டாவது, பூட் பார்ட்டிஷனில், அதாவது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள் இருக்கும் டிஸ்கின் சின்னப் பகுதியில், இடமில்லாமல் போவது.

அப்புறம், யூடியூபில் எல்லாரும் சொல்லும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் போல்டரை (இறங்கிய அப்டேட் ஃபைல்கள் கிடக்கும் இடம்) இப்போது தொடாதீர்கள். டவுன்லோடே ஆகவில்லை என்றால் அதன் பெயரை மாற்றிப் பார்க்கலாம், உங்களுக்கு அது ஒழுங்காக இறங்குகிறதே. மாற்றினால் எல்லாம் முதலில் இருந்து இறங்கும், உங்கள் டேட்டாதான் போகும்.

கருங்கல்காரி:

அய்யோ அண்ணா, போன வாரமே மாற்றிவிட்டேன், அன்றைக்குத்தான் டியூஷன் பாதியில் நின்றது. விபிஎன் கிடையாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தேன், நீங்கள் சொன்ன பூட் பகுதி இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று இருக்கிறது, 100 எம்பி, 100 சதவீதம் காலி என்று காட்டுகிறதே? அப்படியானால் இடப் பிரச்சினை இல்லைதானே?

தேன்கூடு:

அங்கேதான் ஏமாந்துவிடுவோம். டிஸ்க் மேனேஜ்மென்ட் அந்தப் பார்ட்டிஷனை எப்போதுமே முழுக் காலி என்றுதான் காட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முழுக் காலியாக இருந்தால் உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் தொடங்கவே செய்யாது மக்களே.

எஸ்எஸ்டி மாற்றியபோது பழைய டிஸ்கை அப்படியே குளோன் (அச்சுப் பிரதி) பண்ணியிருப்பார்கள், 100 எம்பி 100 எம்பியாகவே வந்திருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, குளோன் என்றால் அதுதான்.

கை வைக்கும் முன்னே ஒரு வேலை. ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். பூட் பகுதியைத் தொட்ட பிறகு அது 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டால், கீ இல்லாமல் உள்ளே போகவே முடியாது. லேப்டாப்பை முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தார்களோ அந்தக் கணக்கில் டிவைஸஸ் பகுதியில் கீ இருக்கும். அதை எழுதி வைத்தபிறகுதான் மற்றது.

அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து (தமிழில் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்) மவுண்ட்வால், ஒரு ஸ்பேஸ், ஒய், கோலன், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ். இது அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒய் என்று டிரைவ் லெட்டர் கொடுக்கும். அடுத்து ஒய் கோலன் என்று அடித்து உள்ளே போய் டிஐஆர் கொடுத்தால், கடைசி வரியில் எத்தனை பைட் மிச்சம் என்று வரும். ஒரு 15 எம்பியாவது வேண்டும். குறைவாக இருந்தால் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய் அந்த ஃபான்ட்ஸ் போல்டரில் உள்ளதை மட்டும் அழிக்கலாம், மைக்ரோசாஃப்டே சொல்லும் வழிதான் இது. பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபைல்களை, முக்கியமாக பிசிடி என்ற ஃபைலை (விண்டோஸை எங்கிருந்து தொடங்குவது என்ற விவரம் அதில்தான்), தொட்டுவிடாதீர்கள். இன்னும் போதவில்லை என்றால் இங்கே சொல்லுங்கள். சார்ஜர் மாட்டியபடி செய்யவும், மழை இருட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் வேண்டாம், காற்றடித்து ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று ஈபிக்காரர்களுக்கே தெரியாது.

கருங்கல்காரி:

முதலில் கணக்கு யாருடையது என்பதே பெரிய கதையாகிவிட்டது. என் கணக்கில் கீ எதுவும் இல்லை. அண்ணனுக்குத்தான் போன் அடித்தேன், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் திட்டிக்கொண்டே எழுந்து பார்த்தான், அவன் கணக்கில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினான். அம்மா ரப்பர் ஷீட் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டுக் கூட்டமாக எழுதி வைத்திருக்கிறேன்.

டிஐஆர் அடித்தால் மிச்சம் 2 எம்பிகூட இல்லை! ஃபான்ட்ஸை அழித்தேன், 13 எம்பி ஆனது. இஎஃப்ஐ போல்டருக்குள் லேப்டாப் கம்பெனி பெயரில் இன்னொன்று கிடக்கிறது, உள்ளே பயாஸ் (லேப்டாப்பை ஆன் பண்ணியதும் முதலில் ஓடும் மென்பொருள்) ஃபைல்கள், தேதி ரெண்டு வருஷம் பழசு, ஒவ்வொன்றும் 15, 16 எம்பி. இதை அழிக்கலாமா?

தேன்கூடு:

இடத்தைத் தின்றது அதுதான். பயாஸ் அப்டேட் ஆகும்போது போட்டுவைத்த பழைய பிரதி. ஆனால் உடனே அழிக்க வேண்டாம், அந்தப் போல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு, பழைய தேதியுள்ள பயாஸ் ஃபைலை மட்டும் எடுங்கள். முடிந்ததும் மவுண்ட்வால் ஒய் கோலன் ஸ்லாஷ் டி கொடுத்து லெட்டரைக் கழற்றிவிடுங்கள்.

வடசேரி சந்தை:

இத்தனைக்கு ஃபார்மட் அடிச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்.

குழித்துறைப் பாலம்:

ஃபார்மட் என்று சி டிரைவை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதே 100 எம்பி அங்கேயே இருக்கும் அண்ணாச்சி, அடுத்த மாதம் இன்னொரு ஃபார்மட் அடிக்க வேண்டியதுதான்.

கருங்கல்காரி:

ஏறிவிட்டது! நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கொடுத்தேன், 35 வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன், 36 ஆனபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிக்கவரி கீ கேட்கவே இல்லை. இப்போது 44 எம்பி மிச்சம் இருக்கிறது.

தேன்கூடு அண்ணா, அடுத்த பயாஸ் அப்டேட் வந்தால் திரும்ப நிறையுமா?

தேன்கூடு:

நிறையலாம். வந்த பிறகு ஒரு தடவை டிஐஆர் அடித்துப் பாருங்கள். அந்த நோட்டு முடிந்ததும் அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.