38 மாடு, கொட்டில் போடக் காசில்லை. மாரிக்கு முதல் பட்டிக்கு என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட 38 மாடு. ரெண்டு கலப்பின மாட்டைத் தவிர மிச்சமெல்லாம் நாட்டு மாடு. முள்ளுக்கம்பி அடிச்ச திறந்த பட்டிதான், அப்பாவின்ர காலத்திலயிருந்து அப்பிடித்தான்.

2022 மார்கழி, மாண்டஸ் புயல் நேரம், ஒரே இரவில 11 உருப்படி போச்சு. விடியப் படலையைத் திறக்கப் போனால் தாயும் கண்டும் ஒண்டின்ர கழுத்தில மற்றது தலையை வைச்சபடி விறைச்சுக் கிடக்குதுகள். ரத்தமில்லை, வயிறு ஊதேல்லை. ஆரோ நஞ்சு வைச்சிட்டான் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகுதான் வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேல மாடு செத்ததெண்டும், நோயில்லை, குளிர்தான் எண்டும் சொன்னவை. நட்டஈடு கேட்டுப் போன இடத்தில காதில அடிக்கிற பதிவு இலக்கம் கேட்டாங்கள். என்ர மாட்டில குறிசுட்ட எழுத்துத்தான் இருக்கு. வெறுங்கையோட வந்தன்.

எனக்கு விளங்காதது ஒண்டு. பக்கத்துப் பட்டிக்காரன்ர 20 மாடு அண்டைக்குத் தேக்கங்காட்டுக்குள்ள நிண்டது. ஒண்டும் சாகேல்ல. அதே மழை, அதே குளிர்தானே?

இப்ப கொட்டில் போட விலை கேட்டன், நாலு லட்சம் வருமாம். மச்சான் சொல்லுறார், குளிர் வந்தால் மாட்டுக்கொரு கிளாஸ் சாராயம் பருக்கிவிடு எண்டு. வேற வழி இருந்தால் சொல்லுங்கோ.

கண்டாவளை அக்கா:
தம்பி, நான் ஆறு பசுவோட இருக்கிறவள், உம்மட அளவுக்குத் தெரியாது. ஆனா கண்டு விறைச்சால் என்ன செய்யிறதெண்டு தெரியும். விரலைக் கண்டின்ர வாய்க்குள்ள விட்டுப் பாரும். வாய் குளிர்ந்து, விரலைச் சூப்பாமல் இருந்தால் அது போகப்போற கண்டு. உடன அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, காய்ஞ்ச சாக்கால தேய்க்கவேணும், கை உழைய உழையத் தேய்க்கவேணும். அந்த நேரம் போத்தலால பால் ஊத்தவே கூடாது. சூப்பத் தெம்பில்லாத கண்டுக்குப் பால் நுரையீரலுக்குள்ள போயிடும். அப்பிடித்தான் நான் ஒண்டைச் சாகக் குடுத்தனான், இப்பவும் மனசுக்குள்ள கிடக்கு. சூடேறி, தானா விரலை இழுக்கத் தொடங்கினாப் பிறகு பாலைக் குடும்.

மாரியில ஈனுற கண்டுக்குக் கடும்புப் பால், ஈண்ட உடன தாயிட்ட வாற முதல் பால், முதல் ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள போகவேணும். விடியட்டும் எண்டு படுக்காதேயும்.

பழைய போதனாசிரியர்:
27 வருசம் கால்நடைப் பகுதியில வேலை செய்தனான். தம்பி, உங்கட கேள்விக்கு மறுமொழி அந்தத் தேக்கங்காட்டுக்குள்ளதான் இருக்கு. அங்கயும் மாடு நனைஞ்சதுதான், ஆனா காத்துப் படேல்ல. காய்ஞ்ச மயிர் குளிரைத் தாங்கும். நனைஞ்ச உடம்பில வாடையும் அடிச்சால் இருக்கிற சூட்டையெல்லாம் உரிஞ்சு எடுத்துப்போடும்.

அதோட எங்கட மாடு மார்கழிக்கு வரேக்க எப்பிடி வருது? ஆவணி புரட்டாதி வறட்சியில விலா தெரிய மெலிஞ்சு, காலபோக நெல் விதைச்சாப்பிறகு மேய்ச்சல் தரவையும் இல்லாமல் காட்டுக்கரையில அலைஞ்சு, உண்ணியையும் குடல்பூச்சியையும் சுமந்துகொண்டு வருது. மாட்டின்ர அடுப்பு அதின்ர வயித்துக்குள்ள. வைக்கல் செமிக்கேக்க வாற சூடுதான் இரவில காப்பாத்தும். மாரிப் புல்லில பாதிக்கு மேல தண்ணி, அதில அந்தளவு சூடு வராது.

நாலு லட்சத்தை மறவுங்கோ. வாடை அடிக்கிற பக்கம் ஆள் உயரத்துக்குக் கிடுகோ பனையோலையோ கட்டுங்கோ. மாடு படுக்கிற இடத்துக்கு ரெண்டு லோட் கிரவல் பறிச்சு உயர்த்தி, மேல வைக்கல். கூரை கண்டுக்கும் ஈனப்போறதுக்கும் மட்டும் போதும். மழைக்கு முதல் குடல்பூச்சி மருந்தும் தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசியும்.

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ இப்ப சிறுபோக நெல் வெட்டுறாங்கள்தானே, வைக்கலைக் கட்டி எடுங்கோ. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, பொலித்தீனால காத்துப் போகாமல் மூடி, 10 நாளால திறந்து, நெடி போக ஆறவிட்டுக் குடுங்கோ. சின்னக் கண்டுகளுக்கு வேண்டாம். கரைச்ச வாளியை மாடு எட்டாத இடத்தில வையுங்கோ, அந்தத் தண்ணியைக் குடிச்சால் அந்த இடத்திலயே விழுந்து சாகும்.

சாராயம் ரத்தத்தைத் தோலுக்கு இழுத்து, மிச்சச் சூட்டையும் வெளிய விட்டிடும். அதை மச்சானே குடிக்கட்டும்.

காது இலக்கம் அடிக்க ஒருநாள் ஒதுக்குங்கோ. குறிசுட்ட புண் மழையில புழு வைக்கிறதை எத்தினை பட்டியில பாத்திட்டன்.

மல்லாவி விவசாயி:
வைக்கல் எங்க அண்ணை? சுனாமி மெசின், அதுதான் நெல்லு வெட்டி அடிக்கிற பெரிய மெசின், வெட்டிக்கொண்டு போக, பின்னால நெருப்பு வைச்சுக்கொண்டு போறாங்கள். நான் போன போகம் வயல்காரரிட்ட முன்கூட்டியே சொல்லி வைச்சு எடுத்தனான். ஏத்துகூலி மட்டும்தான் செலவு.

ஒட்டுசுட்டான் பட்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன், கோவம் வந்திட்டுது. ஐயா, குறி எங்கட தாத்தாவின்ர எழுத்து, விட மனமில்லை. ஆனா இந்த வருசக் கண்டுகளுக்குச் சுடேல்ல. நாளைக்குக் காலமை ட்ரக்டரோட வயலுக்குப் போறன். அக்கா, சாக்கு எத்தினை சேர்த்து வைக்கலாம்?

கண்டாவளை அக்கா:
கண்டு எத்தினையோ, அதின்ர ரெண்டு மடங்கு. அடுப்புப் பரண்ல போட்டு வையும், நமுத்துப்போகாது.